ஒழுங்கையும் தேசப்படமும்

யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிற் பெருந்தெருவை விட்டு உள்ளே திரும்புவோர் முதலிற் காண்பது வேலியையே. பூவரசும் கிளுவையும் கதியாலாய் நிற்கும் இரு வேலிகளுக்கிடையே ஒழுங்கை செல்லும். அதிலிருந்து குச்சொழுங்கை பிரிந்து, இரண்டு மூன்று வளவுகளைத் தாண்டி ஒரு படலையில் முடியும். சிலவேளை முடியாது, கோடிப்புறமாய் வளைந்து தோட்டத்துக்கோ வைரவர் கோயிலுக்கோ போகும். ஊரவர்க்கு இதில் மயக்கமில்லை. படம் வரைவோர்க்கே மயக்கம்.

உலகெங்குமுள்ள ஆர்வலர் கூடி இணையத்தில் வரைந்துவரும் ஓப்பன்ஸ்ரீற்மப் என்னும் தேசப்படம் 2004 ஆம் ஆண்டு இங்கிலாந்திலே தொடங்கியது. ஆதலின் அதன் தெருவகைகளில் அந்நாட்டு வழக்கே மிகுதி. குடிமனைத் தெரு, வயலுக்குச் செல்லும் வண்டிப்பாதை, வீட்டுவழி, நடைபாதை எனப் பல வகைகள் உள. ‘வகைப்படுத்தப்படாதது’ என்றும் ஒன்றுண்டு. பெயரைக் கண்டு, வகை தெரியாதவற்றையெல்லாம் அதனுள் இடலாகாது; ஊர்களை இணைக்கும் சிறு பொதுத்தெருவுக்கே அப்பெயர். நம் நாட்டில் ஏ, பீ வகைத் தெருக்கள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சீ, டீ வகையின மாகாணத்துக்கும் உரியன. ஊர்த் தெருக்கள் பெரும்பாலும் பிரதேச சபைகளின் பொறுப்பு. குச்சொழுங்கையோ பலவிடத்தும் காணியுறுதியில் மாத்திரமே உண்டு.

தந்தையின் காணியைப் பிள்ளைகள் பங்கிடுங்கால், உட்பங்கு பெற்றவர்க்கு வெளியேற வழி வேண்டும். அதனால் வழிவாய்க்கால் உரிமையும் கிணற்றுப் பங்கும் உறுதியில் எழுதப்படும். அவ்வழி அரசுக்குரியதன்று, ஒருவர்க்கே உரியதுமன்று. விண்ணிலிருந்து எடுத்த படத்திலோ, மாமரமும் பனையும் மறைத்ததுபோக ஒரு வெண்கோடே தெரியும். தொலைவிலிருந்து அதனைப் பார்ப்பவர், ஒரு வீட்டார் கார் விடும் வழியென்றெண்ணித் ‘தனியார்’ எனக் குறித்துவிடுவார்.

அது சிறிய பிழையன்று. வழிகாட்டும் செயலிகள் பல, தனியார் எனக் குறித்த பாதையைத் தவிர்ப்பன. அத்தகைய படத்தை நம்பி நள்ளிரவில் வரும் நோயாளர் வண்டி, அயல் ஒழுங்கையில், நோயாளியின் வேலிக்கு மறுபுறம் நிற்க நேரும். மறுதலையாக, ஒருவரது முற்றத்தைப் பொதுவழியாகக் காட்டினால் முன்பின் அறியாதவர் மோட்டார்ச் சைக்கிள்கள் வாசலுக்கே வரும்.

எம் கருத்தில் எல்லையைக் காட்டுவது படலையே. படலைக்கு உள்ளேயிருப்பது வீட்டுவழி. வெளியே பல குடும்பத்தார் நடப்பது, யார் காணியாயினும், ஒழுங்கை. வேலிப்பொட்டை மட்டும் வரையவே வேண்டாம். அயலவர் உறவு இருக்குமட்டுமே அதற்கு ஆயுள்!

இவற்றையெல்லாம் கேட்டறிய ஊரில் ஆள் வேண்டும். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களின் காணிகள் நெடுங்காலத்தின் பின்னரே, பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டியில் ஒரு பகுதி 2017 இற் கிடைத்தது. இவ்வாறு மீண்டவர் பலர் கண்டது வேலியுமின்றி ஒழுங்கையுமின்றிக் கிடந்த பற்றைக்காட்டையே. கிணறு எஞ்சிய இடத்தில் அதனை அடையாளமாகக் கொண்டு எல்லை பிடிக்கலாம். அதுவும் இல்லாதவிடத்து முதியோரே சாட்சி. அவரோடு மாணவர் நடந்து, அவர் கைகாட்டும் வழிகளைப் பெயருடன் எழுதிவைத்தல் நன்று. நிலத்தில் இன்று உள்ளதையே வரைதல் வேண்டுமென்பது அத்தேசப்படத்தின் விதியாதலின், மறைந்துபோன ஒழுங்கை மீண்டும் வெட்டித் திறக்கப்படும்வரை மாணவரின் கொப்பியிலேயே இருக்கும்.