கோச்சி ஏறுமுன் கண்ட மலைகள்

நுவரெலியாவைக் காண வருவோரிற் பெரும்பாலோர் வெயிலுக்கு அஞ்சி வருவோர். சித்திரையிற் கொழும்பு நகரம் வெந்து தவிக்கையில், இங்கே கம்பளி போர்த்துக்கொண்டு ஏரிக்கரையில் உலாவலாம். மலர்க் கண்காட்சியிலே பொழுது போக்கலாம். குதிரைப் பந்தயத்திற் கைப்பொருளை இழந்துவிட்டு வீடு திரும்பலாம். ஆயின் இதே மலைகளை வேறொரு கண்ணோடு பார்த்த மக்களும் இருந்தனர். மறுமுறை பார்க்கக் கிடையாது என்று அறிந்தே அவர்கள் பார்த்தனர்.

தோட்டத் தொழிலாளராக இந்தியாவிலிருந்து வந்தவர்களின் சந்ததியாருட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தனர். ஏறக்குறைய 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. மிகுந்த 150,000 பேரின் கணக்கை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எண்கள் எளிதில் வகுபட்டன. குடும்பங்கள் அவ்வாறு வகுபடவில்லை. அண்ணன் இந்தியப் பிரசை, தம்பி இலங்கைப் பிரசை என்று ஒரே லயத்தில் இரு தேசங்கள் உண்டாயின.

கடவுச்சீட்டு வந்து, புறப்படும் நாளும் குறித்தபின் எஞ்சிய சில நாள்களில் 'பயணஞ் சொல்ல'ப் போவது வழக்கம். சம்பந்தி ஒரு தோட்டத்தில், தமக்கை வேறொரு தோட்டத்தில் இருப்பாள். போகும் வழியிலே கோயிலையும் அருவியையும் பட்டணத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவார்கள். அவ்வழியே நாமும் அண்மையில் ஒரு மாசி மாதத்திற் சுற்றி வந்தோம். ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த, கொழுந்து மலையிலே நரைத்த பெரியவர் ஒருவர் எமக்கு வழித்துணையாக அமைந்தார்.

நுவரெலியாப் பட்டணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கிரகரி தேசாதிபதி 1873இல் அமைப்பித்த ஏரி, விக்டோரியா மகாராணியின் வைரவிழாவை ஒட்டி 1897இல் பெயரிடப்பட்ட பூங்கா, செங்கற் சுவரும் கூர்ங் கோபுரமுமாக நிற்கும் தபாற் கந்தோர் ஆகிய யாவும் துரைமார் தம் ஊரை நினைத்துக் கட்டியவை. அவர்களும் ஊரைப் பிரிந்து வாடியவர்களே. வாட்டத்தைத் தீர்க்க ஓர் ஊரையே செய்துகொள்ள அவர்களுக்கு வசதியிருந்தது. தோட்டத்து மக்கள் இங்கு வந்தது பெரும்பாலும் புகைப்படம் எடுப்பதற்காக. "பாஸ்போட்டுக்கு ஒண்ணுங்க, பிரியறதுக்கு ஒண்ணு" என்று பெரியவர் கணக்குச் சொன்னார். இரண்டாவது படத்தில் இலங்கையில் இருக்கப்போகிறவர்களும் நிற்பார்களாம்.

ஹக்கலைக்குப் போகும் வழியிலே சீதா எலியா. ஓடைக்கரையில் வண்ணக் கோபுரத்தோடு சீதையம்மன் கோயில் இருக்கிறது. பாறையிலுள்ள குழிகளை அனுமனின் அடிச்சுவடுகள் என்கின்றனர். அப்பால் எழும் ஹக்கலை மலை, அவன் சுமந்து வந்த சஞ்சீவியின் துண்டு என்பது ஐதிகம். அதன் அடிவாரப் பூந்தோட்டம் 1861இற் சிங்கோனாப் பயிருக்காகத் தொடங்கப்பட்டது. காய்ச்சல் மருந்துக்கு உரிய பட்டை அது. சஞ்சீவி மலையடியில் மருந்துப் பயிர் நட்ட வெள்ளையருக்கு இராமாயணம் தெரிந்திருக்குமோ என்று நாம் வியந்தோம். பிரிந்து போகும் பெண்கள் இக்கோயிலில் நெடுநேரம் நிற்பார்களென்று பெரியவர் கூறினார். சீதை இங்கிருந்து எப்பொழுது போவோம் என்று அழுதாள். இவர்களோ போகவேண்டியிருக்கிறதே என்று அழுதார்கள். அம்மனிடம் என்னவென்று முறையிட்டிருப்பார்கள்!

தலவாக்கலைப் பாதையில் இரண்டு அருவிகள் அடுத்தடுத்துத் தோன்றும். டெவன் அருவி 97 மீற்றர் உயரத்திலிருந்து வெள்ளிக் கயிறுபோல் இறங்குவது. சென் கிளேயர் அருவி 80 மீற்றர், அகன்று விழுவது. மேல் கொத்மலை மின்திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியபின் சென் கிளேயருக்குப் பழைய பெருக்கு இல்லை. அன்று பார்த்துவிட்டுப் போனவர்களே நல்லதைப் பார்த்தவர்கள்.

ஆனால் கடைசி முறையாகப் பார்க்கவேண்டியது எது என்று மலைநாட்டாரைக் கேட்டால், சிவனொளிபாத மலையைத்தான் சுட்டுவார்கள். 2,243 மீற்றர் உயரமுள்ள அச்சிகரத்துப் பாதச்சுவட்டைச் சைவர் சிவபெருமானுடையது என்பர். பௌத்தர் புத்தருடையது என்பர். இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் ஆதாமைக் கூறுவர். மார்கழிப் பூரணைமுதல் வைகாசிப் பூரணைவரை யாத்திரைக் காலம். ஹற்றனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போய், நள்ளிரவில் ஏறத் தொடங்கவேண்டும். படிகள் 5,000க்கு மேல். சிங்களக் கிழவிகள் வாழ்த்துப் பாட்டுப் பாடியபடி இறங்குவார்கள். ஏறுவோர் பதிற்பாட்டுப் பாடுவார்கள். எவர் எந்நாட்டுப் பிரசையென்று அப்படிகளில் யாரும் கேட்பதில்லை. சூரியோதயத்தின்போது மலையின் நிழல் மேற்கே மூடுபனியின்மீது முக்கோணமாய் நீளும். வெயில் ஏற ஏற அந்நிழல் சுருங்கி மலைக்குள்ளேயே மறைந்துவிடும். உச்சியிலே ஒரு மணி உண்டு. எத்தனையாவது முறை ஏறினாரோ அத்தனை முறை அடிப்பது யாத்திரிகர் வழக்கம். கப்பலேறப் போகிறவர் அடித்த கணக்கு அதோடு முடிந்தது.

இறங்குகையில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் தெரியும். 1969இல் அணை நிறைந்தபோது பழைய மஸ்கெலியாப் பட்டணம் அதனுள் ஆழ்ந்துபோயிற்று. கோடையில் நீர் வற்றினாற் பழைய வழிபாட்டிடங்களின் சுவர்கள் வெளிப்படும். நீலகிரியிலிருந்து தம் தகப்பனார் பிறந்த இடத்தைத் தேடி வருவோருட் சிலருக்கு விரலை நீட்டித் தண்ணீரைத்தான் காட்டவேண்டியிருக்கிறது.

இத்தனையும் பார்த்துவிட்டு அவர்கள் கடைசியாகப் பார்த்தது சொந்தத் தோட்டத்தை. கோப்பிப் பயிரை 1869இல் தோன்றிய இலைநோய் அழித்தபின், ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் நட்ட தேயிலை மலையெங்கும் பரவியது. அப்பச்சையைப் படம்பிடிக்க உலகமே வருகிறது. லயத்துக் காம்பராவோ 10 அடிக்கு 12 அடி. அதற்குள்ளே அடுப்பும் படுக்கையும் பேறுகாலமும் சாவும். அதை விட்டுப் போக ஏன் அழவேண்டும் என்று படித்தவர் கேட்கக்கூடும். 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிற் பஞ்சம் தாண்டவமாடியபோது, போனாற் போதும் என்று கிளம்பியவரும் பலர். அவர்களும் புறப்படுமுன் பிரட்டுக்களத்தையும், மாரியம்மன் கோயிலையும், மாசியிற் காமன் கூத்து ஆடிய திடலையும், தாய் தகப்பனைப் புதைத்த தேயிலை மேட்டையும் சுற்றி வந்தார்கள். அம்மேட்டின் மண்ணில் ஒரு பிடியை முந்தானையில் முடிந்துகொண்ட பெண்களைப் பெரியவர் கண்டிருக்கிறார்.

பிறகு கோச்சி. நானுஓயாவிலும் தலவாக்கலையிலும் ஏறியவர்களைச் சுமந்துகொண்டு, கொட்டகலை கடந்து சிங்கமலைச் சுரங்கத்தின் இருளிற் புகுந்து ஹற்றனில் வெளிப்படும். மேடை நிறைய உறவினர். வண்டி நகர்கையில் எழும் ஓலம் சாவு வீட்டு ஒப்பாரியேதான் என்று கேட்டவர் எல்லோரும் சொல்கின்றனர். வட்டவளை, நாவலப்பிட்டி என்று இறங்க இறங்கத் தேயிலை குறையும், பொல்காவலையில் தென்னை, அநுராதபுரத்துக்கு அப்பால் வறண்ட காடு, தலைமன்னாரிலே கடல். மலையிற் பிறந்து வளர்ந்த பலர் அன்றுதான் கடலைக் கண்டனர். 'இராமானுஜம்' என்னுங் கப்பல் அவர்களை இராமேசுவரத்தில் இறக்கியது. மண்டபம் முகாமிலிருந்து திசைக்கொருவராய்ப் பிரிந்தனர். தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களுக்கு ஒரு சாரார் போய், மீண்டும் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டினர்.

1984இற் போர்ச்சூழல் காரணமாக அக்கப்பல் நின்றது. கடவுச்சீட்டுப் பெற்றும் போகமுடியாமற் பல்லாயிரவர் தங்கிவிட்டனர். 2003ஆம் ஆண்டுச் சட்டமே அத்தகையோருக்கு இலங்கைப் பிரசாவுரிமை பெற வழி திறந்தது. எம்முடைய பெரியவரும் அவர்களுள் ஒருவர். 1984இல் அவரும் பயணஞ் சொல்லி, பட்டணத்தில் இரண்டு படமும் எடுத்து, சிவனொளிபாதத்தில் மணியும் அடித்துவிட்டு வந்து காத்திருந்தாராம்.

"அதற்குப் பிறகு மலை ஏறினீர்களா?" என்று கேட்டோம்.

"ஏறாம இருக்க முடியுங்களா? மூணு நாலு தடவை இருக்கும். கடைசின்னு நெனச்சு அடிச்சு முடிச்ச மணிங்க அது. இப்ப எந்தக் கணக்குலேருந்து தொடங்கி அடிக்கிறதுன்னு தெரியாம, சும்மா ஒரு தட்டு தட்டிட்டு எறங்கிடுவேன்."