நாடறியும் கல்வி

ஒரு மொழியைக் கற்பது வேறு. அம்மொழி வழங்கும் மண்ணையும் மக்களையும், அவர்தம் வரலாற்றையும் வாணிபத்தையும் கற்பது வேறு. முன்னதை நம் மதரஸாக்கள் நெடுங்காலமாக அளித்து வருகின்றன. பின்னதை இன்று கல்லூரிகள் தனிப் பட்டப்படிப்பாகவே வைத்திருக்கின்றன. இஸ்லாமிய ஆய்வு, மேற்காசிய ஆய்வு, தென்கிழக்காசிய ஆய்வு எனப் பல பெயர்களில் வழங்கும் இக்கல்வியை வட்டாரவியல் எனலாம். உலகின் ஒரு பகுதியைத் தேர்ந்துகொண்டு, அதன் மொழி, சமயம், வரலாறு, பொருளாதாரம் யாவற்றையும் ஒருசேரப் பயில்வதே அதன் இயல்பு.

அண்மையில் கம்பத்து ஏலக்காய் வணிகர் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். எம்மிடம் ஓதிய அவருடைய இளைய மகன் மேனிலைப் படிப்பை முடித்துவிட்டு, சென்னையில் தனியார் கல்வி நிறுவனம் ஒன்றில் இஸ்லாமிய ஆய்வில் பி.ஏ. சேர விரும்புகிறான். "ஹஜ்ரத், ஓத வேண்டியதை உங்களிடமே ஓதிவிட்டானே! இனிக் காசு கட்டி மூன்று வருடம் எதற்கு? பி.காம். படித்தால் கடைக் கணக்கையாவது பார்ப்பான்" என்றார் அவர்.

கேள்வி நியாயமானதே. அதற்கு விடையை அவருடைய கடையிலிருந்தே எடுத்துச் சொன்னோம்.

நம் மேற்கு மலைகளில் விளையும் ஏலம் போடிநாயக்கனூரில் விலை பேசப்படுகிறது. ஆனால் அந்த விலை போடியில் மட்டும் உருவாவதில்லை. அரபு நாட்டவரின் கஹ்வா ஏலமின்றி மணப்பதில்லை. அதனால் நம் ஏலத்திற்கு வளைகுடா நாடுகள் நெடுநாளைய சந்தை. நடு அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலாவில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏலம் நடப்பட்டது. அந்நாட்டவர் அதைத் தம் உணவில் பெரிதும் சேர்ப்பதில்லை, ஏற்றுமதிக்காகவே வளர்த்தார்கள். 1980-களுக்குள் அரபுச் சந்தையின் பெரும்பகுதி அவர்கள் கைக்குப் போய்விட்டது. குவாத்தமாலாவில் மழை பொய்த்தால் போடியில் விலை ஏறுகிறது. அங்கே விளைச்சல் மிகுந்தால் இங்கே இறங்குகிறது. "ராவுத்தர், உங்கள் கல்லாப்பெட்டியை ஆட்டுகிற இரண்டு நாடுகளைப் பற்றி உங்கள் வீட்டில் ஒருவனாவது படித்திருக்க வேண்டாமா?" என்று கேட்டோம். அவர் சிரித்தார், ஆனால் இசையவில்லை.

இக்கல்வி நமக்குப் புதிதுமன்று. இந்தியாவை அறிய விரும்பிய அல்பீரூனி சமஸ்கிருதம் கற்று, இந்நாட்டு அறிஞர்களிடம் கேட்டுத் தெளிந்து, 1030-ஐ ஒட்டித் தம் பெருநூலை இயற்றினார். பிறர் கொள்கையை அவர்கள் சொல்லுகிறபடியே எடுத்துரைப்பது அவர் கைக்கொண்ட முறை. சோழமண்டலக் கடற்கரையை அரபிகள் மஃபர் என்றனர். கடந்து செல்லுமிடம் என்பது அதன் பொருள். அந்த மஃபருக்கு 14-ஆம் நூற்றாண்டில் வந்த இப்னு பதூதா, மதுரைச் சுல்தான் கியாஸுத்தீனின் கொடுமைகளை மறைக்காமல் எழுதினார். இத்தனைக்கும் அந்தச் சுல்தான் அவருக்கு மனைவி வழியில் உறவினர். உறவுக்காகவோ சமயத்துக்காகவோ உண்மையை வளைக்காத அந்த நேர்மை, இத்துறை மாணவனுக்கு முதற்பாடமாக வேண்டும்.

பின்வந்த காலத்தில் இக்கல்வி ஆளுவோர் கைக்கு மாறியது. 1812-இல் சென்னையில் நிறுவப்பட்ட புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி, கம்பெனி அலுவலர்களுக்கு இந்நாட்டு மொழிகளைக் கற்பித்தது. ஆள்வதற்காகவே அறிந்தார்கள். 1958-இல் அமெரிக்க அரசு பிறநாட்டு மொழிகளுக்கும் வட்டார ஆய்வுக்கும் பொருளுதவி செய்யச் சட்டம் இயற்றியபோது, அதற்குத் தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் என்றே பெயரிட்டது. கீழைநாடுகளைப் பற்றிய மேலைநாட்டு எழுத்தில் ஆதிக்கம் எவ்வாறு கலந்திருக்கிறது என்பதை, பாலஸ்தீனரான எட்வர்ட் ஸெய்த் 1978-இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். நம்மைப் பற்றிப் பிறர் எழுதியதைக் குறைகூறுவது எளிது. நாமே கற்று எழுதாதவரை அக்குறை தீராது.

மதரஸாக் கல்வியோடு இது முரண்படுமோ என்று அஞ்சுவோரும் உளர். நம் மாணவர்கள் இமாம் புகாரியையும் திர்மிதியையும் நாள்தோறும் ஓதுகிறார்கள். புகாராவும் திர்மிதும் இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ளன என்பதை எத்தனை பேர் வரைபடத்தில் தொட்டுக் காட்டுவர்? கூஃபா, பஸ்ரா இலக்கணவாதிகளின் வழக்குகளை மனப்பாடமாகச் சொல்லுவர். அவ்விரு நகரங்களும் எவ்வாறு தோன்றின என்று கேட்டால் தயங்குவர். மதரஸா தந்த மொழிக்கு இக்கல்வி மண்ணைத் தருகிறது. மக்களைப் பல சமூகங்களாகவும் குலங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிவதற்கே என்னும் கருத்தைத் திருமறையின் 49-ஆம் அத்தியாயம் நமக்கு உணர்த்தவில்லையா?

இனிப் பிழைப்பைப் பற்றிய கேள்வி. இதில் பூசி மெழுகுதல் கூடாது. பொறியியலுக்கும் வணிகவியலுக்கும் உள்ளதுபோல் இப்பட்டத்திற்கென்று வேலைகள் வரிசையாகக் காத்திருப்பதில்லை. பள்ளி ஆசிரியராக விரும்புவோர், இப்பட்டத்தைக் கொண்டு பி.எட். சேர இயலுமா என்பதை முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும். ஆனால் எந்தப் பட்டமும் போதும் என்னும் அரசுத் தேர்வுகள் இவர்களுக்கும் திறந்தே இருக்கின்றன. கல்லூரி ஆசிரியராவதற்கான தேசியத் தகுதித் தேர்வில் அரபுப் பண்பாடும் இஸ்லாமிய ஆய்வும் ஒரு தனிப் பாடம். வட்டார ஆய்வுகளுக்கும் அதில் இடமுண்டு. மொழிபெயர்ப்பும் ஏற்றுமதி வாணிபமும் மொழியறிந்தவரை நாடுகின்றன. மொழியில் தேறாமல் பட்டம் மட்டும் வாங்கியவனுக்கு இவற்றுள் பல கதவுகள் திறவா.

கட்டணத்திலும் விழிப்பு வேண்டும். தனியார் கல்லூரி என்பது ஒரே வகையன்று. அரசு உதவி பெறும் கல்லூரியிலேயே உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என இரண்டு உண்டு. இரண்டின் கட்டணத்திற்கும் இடையே பெருந்தொலைவு. பட்டம் வழங்கும் நிறுவனம் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்புப் பெற்றதா, அரபு மொழி எத்தனைப் பருவங்கள் கற்பிக்கப்படுகிறது, நூலகத்தில் இத்துறை நூல்கள் உள்ளனவா என்பவற்றை நேரிற் சென்று பார்த்த பின்னரே பணம் கட்டவேண்டும். கட்டட அழகைக் கண்டு மயங்குதல் ஆகாது.

இவற்றையெல்லாம் அவ்வணிகரிடம் சொன்னோம். "நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்" என்றார். அதுவே முறையுமாகும்.

1956-இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி எழுந்தபோதும், கடையும் தோட்டமும் இருக்கப் பிள்ளைகளுக்குப் பட்டம் எதற்கு என்று கேட்டோர் இருந்திருப்பர். இன்று அக்கேள்வியை எவரும் கேட்பதில்லை. எந்தப் பட்டம் என்றே கேட்கிறோம். அவ்வாறு கேட்கையில், விருப்பமும் மொழித்திறனும் உள்ள பிள்ளைக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், இக்கல்வியையும் ஒரு வழியாக எண்ணிப் பாருங்கள். எல்லாரும் இதைப் படிக்க வேண்டியதில்லை. குமுளி மலையேறிக் கேரளத்தோடும், கடல் கடந்து அரபு நாடுகளோடும் கொடுக்கல் வாங்கல் செய்யும் இப்பள்ளத்தாக்கில், ஊருக்கு ஒருவரேனும் படித்திருக்க வேண்டும்.