வேப்பம் பலகையும் வழி தப்பிய வெட்டலகும்

எம் ஊராகிய ஓலைத்தொடுவாயிலே, வலைக் கொட்டிலுக்கு அயலில் எமக்கொரு தகரப் பட்டறை உண்டு. அங்கே நாமும் தம்பியுமாக ஒரு சி.என்.சி. றூட்டரைக் கட்டி வைத்திருக்கிறோம். கணினியில் வரைந்த உருவத்தை மரத்திலே தானாகச் செதுக்கித் தரும் இயந்திரம் அது. இவ்வினத்தின் மூதாதை 1952ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், துளையிட்ட காகித நாடாவின் கட்டளைப்படி இயங்கிக் காட்டியது. எமது இயந்திரம் அக்குலத்தின் ஏழைப் பேரன்.

சென்ற மாரியிலே பெரியப்பா இரண்டு வேப்பம் பலகைகளைச் சுமந்து வந்தார். வீட்டுச் சுருவக்கூட்டுக்கு இரு கதவுகள் வேண்டும். இரண்டிலும் லீலிக் கொடி படர வேண்டும். அப்பாச்சி நட்டு வளர்த்த வேம்பு அது. 1964 மார்கழிச் சூறாவளிக்கும் தப்பி நின்று, பல்லாண்டுகளின் பின் பட்டுப்போன மரம். வேறு பலகை வாங்கலாம். அந்த மரத்தை எங்கே வாங்குவது?

முதற் கதவில் பாதிக் கொடி அழகாகவே படர்ந்தது. தேநீர் அருந்திவிட்டு வந்து பார்க்கிறோம்: மேற்பாதி இலைகள் தண்டை விட்டு அரை அங்குலம் விலகி வெறுவெளியிலே தொங்கின! இயந்திரமோ ஒன்றும் நடவாதது போல வெட்டிக்கொண்டேயிருந்தது.

குற்றம் எங்கே? எமது ஸ்டெப்பர் மோட்டர் ஒரு சுற்றை 200 அடிகளாக நடப்பது. கட்டுப்பாட்டுப் பலகை துடிப்புகளை அனுப்பும். துடிப்புக்கேற்ப மோட்டர் நகர்ந்திருக்கும் என்று நம்பிக்கொள்ளும். உப்புக்காற்றில் துருவேறிய திருகாணியில் மரத்தூள் அடைத்து, மோட்டர் அடி தவறினாலும் அதற்குத் தெரியாது. நாம் கொடுத்ததோ 12 வோல்ட். வேகம் கூடும்போது அந்தச் சிறு அழுத்தத்தில் சுருளுக்குள் மின்னோட்டம் ஏறி முடியுமுன்னரே அடுத்த அடி வந்துவிடும், முறுக்குவலு சரிந்துவிடும். தம்பி பெரிய மோட்டர் வாங்குவோம் என்று வாதாடினான். பசித்தவனுக்குச் சோறு போடாமல் வேறு ஆளைத் தேடுவதா என்றோம். இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை.

பெரியப்பா கோபிக்கவில்லை. விளக்கத்தைக் கேட்டுவிட்டு, "அப்ப இது கண்ணை மூடிக்கொண்டோ நடக்குது? கடலுக்குப் போறவன் கரையிலை நிக்கிற பனையையும் கோயிலையும் பாத்துப் பாத்தல்லோ போவான்" என்றார்.

அவர் சொன்னதுதான் பொறியியலிலும் வழி. எம் தீவின் தென்கரையிலே 2020இல் எழுந்த தம்பபவனியின் 30 காற்றாலைகளும் காற்றின் திசையை அளந்தறிந்தே முகம் திருப்புகின்றன. படகு எஞ்சினுக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை எடுத்து, என்கோடர் பொருத்திய மோட்டர்களும் அவற்றுக்குரிய ட்றைவர்களும் 36 வோல்ட் மின்வழங்கியும் வாங்கினோம். என்கோடர் தண்டின் உண்மையான நிலையைக் கணந்தோறும் ட்றைவருக்குச் சொல்லும். சிறு பிழையை ட்றைவர் அக்கணமே திருத்தும். திருத்த முடியாத பிழையானால் அபாயக்குறி எழுப்பும். அக்குறியைக் கேட்டு வேலையை நிறுத்தும்படி கட்டுப்பாட்டுப் பலகையையும் மாற்றினோம். வெட்டும் மோட்டரின் மின்னிரைச்சல் குறிக்கம்பிகளிலே புகாதபடி உறையிட்ட கம்பி இழுத்ததற்கே ஒரு கிழமை போயிற்று. அந்த வேலையின் அலுப்பை எழுதப் புகின் இப்பக்கம் போதாது.

இரண்டாம் பலகையை ஏற்றிய அன்று எவரும் தேநீருக்குப் போகவில்லை. கொடியின் மூன்றாம் மடிப்பில் ட்றைவரின் சிவப்பு விளக்கு எரிய, யாவும் நின்றன. எமக்கு நெஞ்சு திக்கென்றது. பார்த்தால், திருகாணியின் அடியில் மரத்தூள் கட்டியாய் இறுகிக் கிடந்தது. துடைத்து, இயந்திரத்தை அதன் தொடக்கப் புள்ளிக்கு அனுப்பி நிலையைச் சரிபார்த்து, விட்ட வரியிலிருந்து தொடங்கினோம். முடிந்தபின் தம்பி விரலால் தடவிப் பார்த்தான். விட்ட இடம் எதுவென்று அவனாற் சொல்ல முடியவில்லை.

நாம் ஒளித்து வைத்திருந்த முதற் பலகையைப் பெரியப்பா தாமே தேடி எடுத்து வந்தார். மேசையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, "பின்பக்கம் வெறுமையாத்தானே கிடக்குது, ஏத்துங்கோ" என்றார்.