சாமிக்கும் ஆகாத பூ

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை. குருடிமலையின் தலையில் மேகம் இன்னும் கலையவில்லை. மேட்டுப்பாளையம் சாலையில் ஊட்டிக்குப் போகிற வண்டிகளின் ஹாரன் பெரியநாயக்கன்பாளையத்தின் இந்த உள்தெரு வரைக்கும் வருகிறது. எதிர்மாடியில் அவர் ஏறிவிட்டார். கட்டம் போட்ட லுங்கி, கை வைத்த பனியன், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. என் ஜன்னலுக்கும் அந்த மாடிக்கும் நடுவில் ஒரு சந்துதான். பார்த்துக்கொண்டே இருக்கலாம், பேச வேண்டியதில்லை.

மாடி முழுக்க அடீனியம். பெயின்ட் டப்பாவில், அறுத்த எண்ணெய் கேனில், ஓரம் உடைந்த வாஷ்பேசினில், மண் தொட்டியில். அடி பருத்து, வேர்கள் திரண்டு மண்ணுக்கு மேலே புடைத்து நிற்க, உச்சியில் நாலு கிளை, கிளை நுனியில் கொத்தாகப் பூ. சிவப்பு, வெள்ளை, ரோஸ். சிலது அடுக்கடுக்காக. ஒன்று, கருப்பு என்றே சொல்லிவிடலாம், அத்தனை அடர்ந்த அரக்கு. பருத்த அடியை இளவட்டங்கள் 'காடெக்ஸ்' என்பார்கள். அவருக்கு அது 'கெழங்கு'.

தார்ப்பாயை உருவி மடிக்கிறார். மழை பெய்த நாளெல்லாம் தொட்டிகள் அதனடியில்தான் இருந்தன. இனிப் பரிசோதனை. ஒவ்வொரு கிழங்கையும் கட்டை விரலால் அழுத்துகிறார். இறுகியிருந்தால் லுங்கி மடிப்பிலிருந்து வெர்னியரை எடுத்து, தாடையை இரு பக்கமும் பொருத்தி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோட்டைப் படிக்கிறார். "எம்பத்தி நாலு புள்ளி ஆறு." டைரியில் ஏறுகிறது. இது பட்டறை ஊர். லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் 1962-இல் தொடங்கியது. நூற்பாலை எந்திரம் செய்கிற அந்தக் கம்பெனியாலும், சுற்றி முளைத்த பட்டறைகளாலும் இந்தப் பக்கம் பிட்டர், டர்னர் இல்லாத தெரு கிடையாது. இவர் எந்தப் பட்டறை என்று எனக்குத் தெரியாது. ஆனால் பூச்செடிக்கு மில்லிமீட்டரில் கணக்கு வைக்கிற ஆளை வேறு ஊரில் பார்த்துவிட முடியாது.

துளசி மாடத்தை ஒட்டிய தொட்டியில் விரல் உள்ளே போகிறது.

"ஏ புள்ள, இங்க வா."

வீட்டுக்கார அம்மா பூக்கூடையோடு வருகிறார். அவருடைய செடிகள் கீழே: சாதிமல்லி, நந்தியாவட்டை, காம்பவுண்டு ஓரம் செவ்வரளி. கொடுமுடிக்கும் மருதமலைக்கும் போகும்போது மாலைக்கு ஆகிற பூக்கள். மாடியில் பூப்பதை "சாமிக்கும் ஆகாது, தலைக்கும் ஆகாது, ஒரு வாசமாவது இருக்குதா" என்று அவர் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன்.

"அழுவிப் போச்சு பாரு. தார்ப்பாய்க்குள்ளதான இருந்துச்சு?"

"சாரல் அடிச்சிருக்கும்ங்க."

அவர் பதில் சொல்லவில்லை. செடியைப் பிடுங்கி மண்ணை உதறுகிறார். கத்தி, பழைய ஆக்சா பிளேடைச் சாணை பிடித்துச் செய்தது. சானிடைசரால் துடைத்து, அழுகிய இடத்தில் வைத்துச் சீவுகிறார். முதலில் காபிக் கலர். இன்னும் சீவுகிறார். மஞ்சளாக வருகிறது. நிறுத்தவில்லை, ஒரு புள்ளி பழுப்பு மிச்சமிருந்தாலும் அது மறுபடி பரவும். வெள்ளைச் சதை தெரிந்து பால் கசிந்த பிறகே கத்தியைக் கீழே வைக்கிறார். பாலைத் துணியால் ஒற்றி, மஞ்சள் தூளைக் குழைத்து அப்பி, செடியைத் தலைகீழாகக் கொடியில் கட்டித் தொங்கவிடுகிறார். காயம் காய ஒரு வாரமாவது ஆகும். அதுவரை மண்ணும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. பிறகு குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார். ஆப்பிரிக்காவில் வேட்டைக்காரர்கள் அம்பு முனையில் தடவிய நஞ்சு இந்தச் செடியின் பாலிலிருந்து காய்ச்சியது.

அரேபியாவும் ஆப்பிரிக்காவும் அதன் சொந்த ஊர். மழை எப்போதோ வரும் என்பதால் தண்ணீரை அடியிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளப் பழகிய செடி. அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றினால் அழுகாமல் என்ன செய்யும்? தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவர் பீட்டர் போர்ஸ்கால் யேமனுக்குப் போய், 1763-இல் அங்கேயே மலேரியாவில் இறந்தார். அவர் எழுதி வைத்தது 1775-இல் அச்சானபோது அதில் இந்தச் செடியும் இருந்தது, அரளி இனத்தில் ஒன்றாக. தனி இனமாகப் பிரித்தது பின்னால்தான். குடும்பம் இன்றைக்கும் ஒன்றே. இப்போது தாய்லாந்திலும் தைவானிலும் இனம் கலந்து கலந்து, போர்ஸ்கால் வந்தால் அடையாளம் தெரியாத அடுக்குப் பூக்கள் வந்துவிட்டன.

பத்து மணிக்கு ஆட்கள் வருகிறார்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே மாடியேறும் ஒரு பையன். கட்டைப்பையில் தொட்டியை வைத்துக்கொண்டு பாங்க் வேலைக்காரர் போலத் தெரிகிற ஓர் அம்மா. பேச்சு நேராக வியாபாரத்துக்கு வருகிறது. வியாபாரம் என்றால் காசில்லை, குச்சிக்குக் குச்சி.

"ங்ணா, அந்தக் கருப்புல ஒரு குச்சி குடுங்ணா."

"வெதை போட்டுப் பாரு தம்பி, காய் கட்டிருக்குது."

"வெதையில அதே கலர் வராதுங்ணா."

அவர் சிரிக்கிறார். பையன் தேறிவிட்டான் என்று அர்த்தம். கொம்பு போல இரட்டையாக நீண்டிருக்கும் அந்தக் காயில் நூல் சுற்றியிருக்கிறது. சுற்றாவிட்டால் வெடித்து, இரு முனையிலும் பஞ்சு வைத்த விதைகள் பக்கத்து மாடிகளுக்கெல்லாம் பறந்துவிடும். ஒன்று என் ஜன்னல் கம்பியில் வந்து மாட்டியதுண்டு.

டீ கொண்டு வந்த வீட்டுக்கார அம்மாதான் புழுவைக் கண்டுபிடிக்கிறார். விரல் பருமனில் பச்சைப் புழு, தலைப்பக்கம் இரண்டு நீலப் பொட்டு கண்ணைப் போலவே முறைக்கிறது. ஒரு கிளை ஏற்கெனவே மொட்டை. பையன் செருப்பைத் தேடுகிறான்.

"இருப்பா." இலையோடு கிள்ளி எடுத்து அந்த அம்மா கீழே இறங்குகிறார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எல்லோரும் பார்க்கிறார்கள். செவ்வரளி மேல் விட்டுவிட்டு நிமிர்கிறார். "இது காடா வளந்து கெடக்குது, எவ்வளவு தின்னாலும் தீராது."

ஓர் அந்துப்பூச்சியின் புழு அது. அரளி, அடீனியம், நந்தியாவட்டை மூன்றையும் தின்னும். போர்ஸ்காலைப் படிக்காமலே சொந்தபந்தம் தெரிந்த புழு. அந்த அம்மாவும் அப்படித்தான்.

வந்தவர்கள் போகிறார்கள். அவர் முக்காலியில் உட்கார்ந்து மறுபடி யோசனையில் விழுகிறார். "தேங்கா நார் எச்சாப் போச்சு போல. ஈரத்தப் புடிச்சு வெச்சுக்கிச்சு." அடுத்த கலவையில் மணலும் செங்கல் பொடியும் கூட வேண்டும் என்று டைரியில் எழுதுகிறார். கணக்கு சுத்தம், காரணம்தான் தப்பு. தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் கடைவீதிக்குப் போயிருப்பார். அந்த அம்மா துளசிக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டு வருவார். துளசிக்கு ஊற்றியது போக மிச்சம் எப்போதும் பக்கத்துத் தொட்டிக்கு. மழை நாளில்கூடத் தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்து ஊற்றினார். காய்ந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத கை. இதை அந்த வீட்டில் யாரும் அவருக்குச் சொன்னதில்லை. நானும் சொல்லப் போவதில்லை.

காலி இடத்துக்கு எந்தத் தொட்டியை நகர்த்துவது என்று அவர் சுற்றும் முற்றும் பார்க்கிறார். அந்தக் கருப்பைத் தூக்குகிறார்.

"அங்கயே வெய்ங்க," என்கிறார் அந்த அம்மா. "அந்த எடத்துல வெச்சா நல்லா வரும்."