சீனி இல்லை என்று சொன்னேன்

கடந்த தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நடந்தது இது. காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஒலிபரப்புக் கூடத்தை விட்டு வெளியே வந்தேன். எனக்கு ஓர் அழைப்பு வந்திருப்பதாகச் சொன்னார்கள். கூலாயிலிருந்து ஒரு நேயர். ஐம்பது வயதைத் தாண்டிய குரல்.

“தங்கச்சி, நேத்து ரேடியோவுல நீங்க சொன்ன சாக்லெட் உருண்டையைச் செஞ்சேன். அடுப்பே வேணாம், சுலபமா வந்துச்சு. அப்பாவுக்கு இனிப்புநீர். பாவம், ரொம்ப நாளா எதையும் தொடாம இருந்தாரு. ஆசையா ஆறு உருண்டை சாப்பிட்டாரு. ராத்திரி குத்திப் பார்த்தா 16.8 காட்டுது. நீங்க சீனியே இல்லைன்னுதானே சொன்னீங்க?”

அவர் சண்டைக்கு வரவில்லை. சந்தேகம்தான் கேட்டார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. கோபமாகப் பேசியிருந்தால் நானும் ஏதாவது சமாளித்திருப்பேன். “ஆமாம் அக்கா, சீனி போடவில்லை, பேரீச்சம்பழம்தான் போட்டோம்” என்று இழுத்தேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். காலையில் இறங்கிவிட்டது என்றார். கிளினிக்கில் காட்டிவிடுங்கள் என்று சொல்லி வைத்தேன்.

மாசாயில் இருக்கும் என் வீட்டுக்குப் போனதும் கால்குலேட்டரும் கையுமாக உட்கார்ந்தேன். நான் வானொலியில் சொன்ன செய்முறையில் 250 கிராம் விதை நீக்கிய பேரீச்சம்பழம், தேங்காய்த் துருவல், கோக்கோ தூள், கொஞ்சம் தேங்காய் எண்ணெய். மொத்தம் இருபது உருண்டை. பேரீச்சம்பழத்தில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 65 கிராம் சர்க்கரைச் சத்துதான். அப்படியென்றால் 250 கிராமில் 160 கிராமுக்கு மேல். இருபதால் வகுத்தால் ஓர் உருண்டைக்கு 8 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி சீனி. அந்தப் பெரியவர் ஆறு உருண்டையில் பன்னிரண்டு தேக்கரண்டி சாப்பிட்டிருக்கிறார். ஒரு டின் குளிர்பானத்தில் இருப்பதைவிட இது அதிகம். குளிர்பானம் கொடுத்திருந்தால் அவர் வேண்டாம் என்றிருப்பார். உருண்டையை வாங்கிக்கொண்டதற்குக் காரணம், “சீனி இல்லை” என்று மகள் சொன்னது. மகள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் நான்.

என் அம்மாவுக்கும் பதினான்கு வருடமாக இனிப்புநீர். அதே உருண்டையை அவரும் நான்கு சாப்பிட்டிருந்தார். “உனக்கு எவ்வளவு காட்டியது?” என்று கேட்டேன். “குத்திப் பார்க்கலை. நீதான் சீனி இல்லைன்னு சொன்னியே” என்றார்.

நம் சமூகத்தில் இந்தச் சொல் லேசானது அல்ல. சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வு 2019-ஆம் ஆண்டில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. 2023-இல் அது 15.6 விழுக்காடு. குறைந்திருக்கிறது என்றாலும், ஆறு பேரில் ஒருவர் என்ற கணக்கு அது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தான் முதலிடம். சீனி அதிகமுள்ள பானங்களுக்கு 2019 ஜூலை முதல் அரசாங்கம் வரி போட்டிருக்கிறது. லிட்டருக்கு 40 காசில் தொடங்கிய வரி, 2025-இல் 90 காசுக்கு வந்துவிட்டது. ஆனால் வீட்டில் பிடிக்கும் உருண்டைக்கு வரியும் இல்லை, லேபிளும் இல்லை. செய்கிறவர் வாய்ச்சொல்தான் லேபிள்.

அந்த வாய்ச்சொல்லை நாம் எவ்வளவு தாராளமாக விடுகிறோம்! வெள்ளைச் சீனி மட்டும்தான் நமக்குச் சீனி. நாட்டுச் சர்க்கரை “உடம்புக்கு நல்லது”. தேன் “மருந்து”. குலா மலாக்கா “தென்னையிலிருந்து வருவது, இயற்கை”. இவை எல்லாமே ரத்தத்தில் போய்ச் சேரும்போது சர்க்கரைதான். தென்னம்பாளையின் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் குலா மலாக்காவில் பெரும்பகுதி, நாம் தேநீரில் போடும் சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ். பேரீச்சம்பழத்தில் நார்ச்சத்து உண்டு, தாது உப்புகளும் உண்டு. ஒன்றிரண்டு பழம் சாப்பிடுவதில் குற்றமில்லை. ஆனால் கால் கிலோவை அரைத்து உருட்டிவிட்டு “சீனி இல்லை” என்பது வேறு.

கடையில் “சுகர் ஃப்ரீ” என்று விற்கும் சாக்லெட்டையும் எடுத்துப் பின்பக்கம் படித்தேன். பலவற்றில் மால்டிடால் இருக்கிறது. இது சீனியின் அளவுக்கு ஏற்றாவிட்டாலும் ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றத்தான் செய்யும். அளவு மீறினால் வயிற்றையும் கலக்கும். பாக்கெட்டில் வரும் ஸ்டீவியா தூளிலும் சிலவற்றில் டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் கலந்திருக்கும். இரண்டுமே குளுக்கோஸின் உறவுக்காரர்கள். எரித்ரிட்டால் ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில்லை. ஆனால் அது ரத்தத்தில் அதிகமாக இருந்தவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாகக் காணப்பட்டதாக, 2023-இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. எரித்ரிட்டால்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. இருந்தாலும் கிண்ணம் கிண்ணமாகக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை.

இந்த ஆராய்ச்சியெல்லாம் நடக்கும்போது அம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இனிப்பா இருந்தாத்தான் சாக்லெட்டா?” என்று கேட்டார்.

அம்மா பிறந்தது கீழ்ப்பேராக்கில் ஒரு தோட்டத்தில். அந்தக் கடலோரப் பகுதியில் தென்னைக்கு அடியில் ஊடுபயிராகக் கோக்கோ போடுவார்கள். கோக்கோ நிழல் விரும்பும் செடி. மேலே தென்னை ஓலை, கீழே கோக்கோ. எண்பதுகளின் தொடக்கத்தில், பதினெட்டு வயதில், அம்மா அங்கே காய் உடைக்கும் வேலைக்குப் போயிருக்கிறார். காயைப் பிளந்தால் கொட்டைகளைச் சுற்றி வெள்ளையாகச் சதை இருக்கும். அது புளிப்பும் இனிப்புமாக இருக்குமாம். அதைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்புவார்களாம். கொட்டையைக் கடித்தால் ஒரே கசப்பு. “அந்தக் கசப்புல இருந்துதான் சாக்லெட் செய்யறாங்கன்னு சொன்னப்ப நாங்க நம்பலை” என்றார்.

மலேசியாவின் கோக்கோ உற்பத்தி 1990 வாக்கில் உச்சத்துக்குப் போய், ஏறக்குறைய 247,000 டன்னைத் தொட்டது. பிறகு விலை விழுந்தது. காய்த் துளைப்பான் புழுவும் சேர்ந்துகொண்டது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. இன்று உள்நாட்டில் விளைவது ஆயிரம் டன்னுக்கும் குறைவு. ஆனாலும் கோக்கோ நம்மை விட்டுப் போகவில்லை. எங்கள் வீட்டிலிருந்து சற்றுத் தூரத்தில்தான் பாசிர் கூடாங். உலகின் பெரிய கோக்கோ அரைப்பு நிறுவனங்களில் ஒன்றான குவான் சோங்கின் ஆலை அங்கேதான் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் கொட்டையை இங்கே ஜொகூரில் அரைத்து, வெண்ணெயாகவும் தூளாகவும் பிரித்து உலகத்துக்கு அனுப்புகிறார்கள். 2024 டிசம்பரில் உலகச் சந்தையில் கோக்கோ ஒரு டன் 12,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. கடையில் கோக்கோ தூள் டப்பாவின் விலையைப் பார்த்து நாம் பெருமூச்சு விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

அம்மாவின் கேள்விதான் எனக்கு வழிகாட்டியது. கசப்பைச் சீனியால் மூடாமல், கசப்பாகவே விட்டுவிட்டால் என்ன? தேங்காய்க்குத் தனக்கென்று ஒரு மெல்லிய இனிப்பு உண்டு. அதை உள்ளே வைத்து, கோக்கோவை மேலே பூசிப் பார்க்கலாம்.

முதல் முறை செய்தது மேசையில் வைத்த பத்து நிமிடத்தில் குளமாகிவிட்டது. தேங்காய் எண்ணெய் 25 டிகிரிக்குப் பக்கத்திலேயே உருகிவிடும். நம் ஜொகூர் வெயிலில் வீட்டுக்குள்ளேயே 30 டிகிரி இருக்கும். கடைச் சாக்லெட்டில் இருக்கும் கோக்கோ வெண்ணெய் உருகுவதற்கு 34 டிகிரி வரை வேண்டும், அதனால் அது தாங்கும். நாம் செய்வது குளிர்பெட்டியிலிருந்து எடுத்து உடனே சாப்பிட வேண்டிய பண்டம். இரண்டாம் முறை ஸ்டீவியாவை அள்ளிப் போட்டுவிட்டேன். நாக்கில் மருந்து வாடை அடித்தது. மூன்றாவது முறைதான் சரியாக வந்தது.

சீனி சேர்க்காத உலர் தேங்காய்த் துருவல் 120 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாதியை மிக்சியில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பொடியாக்குங்கள். அப்போதுதான் உருண்டை பிடிபடும். மீதித் துருவலுடன் கலந்து, கெட்டித் தேங்காய்ப்பால் 4 மேசைக்கரண்டி, உருக்கிய தேங்காய் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு ஏலக்காயின் பொடி சேர்த்துப் பிசையுங்கள். இனிப்பு வேண்டுமென்றால், வேறு மாவு கலக்காத ஸ்டீவியாவைக் கத்தி நுனியளவு போடுங்கள். சீனியைவிட அது 200 மடங்குக்கு மேல் இனிக்கும், ஆகவே கை நீள வேண்டாம். சிறு நெல்லிக்காய் அளவில் இருபது உருண்டை பிடித்து, அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள்.

மேற்பூச்சுக்கு, சீனி சேர்க்காத கோக்கோ தூள் 3 மேசைக்கரண்டி, உருக்கிய தேங்காய் எண்ணெய் 4 மேசைக்கரண்டி. கட்டியில்லாமல் கலக்குங்கள். குளிர்ந்த உருண்டையை முள்கரண்டியில் வைத்து முக்கி எடுத்தால் கண்ணெதிரிலேயே இறுகும். இன்னொரு தடவை முக்குங்கள். பத்து நிமிடம் உறைபெட்டியில் வைத்தால் முடிந்தது. தேங்காய்ப்பால் சேர்ப்பதால் குளிர்பெட்டியில் நான்கைந்து நாள்தான் தாங்கும். சந்தையில் துருவித் தரும் பச்சைத் தேங்காயில் செய்வதென்றால், ஈரம் போக வெறும் சட்டியில் சிறு தீயில் வறட்டி, ஆற வைத்துச் செய்யுங்கள். அதை இரண்டு நாளில் தீர்த்துவிடுவது நல்லது.

இப்போது கணக்கு. தேங்காய்த் துருவலிலேயே 100 கிராமுக்கு 6, 7 கிராம் இயற்கைச் சர்க்கரை இருக்கிறது. ஓர் உருண்டைக்குப் பிரித்தால் அரை கிராமுக்குள்தான் வரும். ஆனாலும் இதைச் “சீனி இல்லாதது” என்று சொல்ல முடியாது. உலக உணவுத் தரக் குழுவான கோடெக்ஸின் விதிப்படி, அப்படிச் சொல்ல 100 கிராமில் சர்க்கரை அரை கிராமைத் தாண்டக் கூடாது. “சீனி சேர்க்காதது” என்பதே சரியான பெயர். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. தேங்காயும் அதன் எண்ணெயும் கொழுப்பு. ஓர் உருண்டைக்குச் சுமார் 80 கலோரி வருகிறது, ஐந்து தேக்கரண்டி சீனியின் கலோரிக்குச் சமம். இனிப்புநீரோடு இதய நோயும் கொழுப்பும் கூட்டணி வைத்திருக்கும் வீடுகளில் இதைக் கவனித்தே ஆக வேண்டும். அதனால் எங்கள் வீட்டு அளவு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு.

அன்று இரவு உணவுக்குப் பிறகு அம்மா இரண்டு உருண்டை சாப்பிட்டார். இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்த்தோம். 8.1. கிளினிக்கில் தாதி சொல்லியிருந்த 8.5-க்குள் இருந்தது. ஒரு வீட்டில், ஒரு நாள், ஒரு விரலில் பார்த்த எண் இது. உங்கள் வீட்டில் வேறாக வரலாம். குத்திப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மருந்தையும் ஊசியையும் இதற்காக மாற்றக் கூடாது.

மறுநாள் காலை நிகழ்ச்சியில் திருத்தம் சொன்னேன். “போன வாரம் நான் சொன்ன உருண்டையில் சீனி உண்டு. ஓர் உருண்டையில் இரண்டு தேக்கரண்டி. நான் தவறாகச் சொல்லிவிட்டேன்” என்றேன். ஒலிவாங்கிக்கு முன்னால் பத்து வருடம் உட்கார்ந்திருக்கிறேன். இந்த மூன்று வாக்கியத்துக்குத் தொண்டை வறண்டது. தவறை ஒப்புக்கொண்டால் நேயர்களின் நம்பிக்கை போய்விடுமோ என்று பயந்தேன். அன்று வந்த அழைப்புகளில் பாதி, “எங்க வீட்லயும் பேரீச்சம்பழ லட்டுதான் செஞ்சோம், நல்ல வேளை சொன்னீங்க” என்றுதான் வந்தன. கூலாய் அக்காவையும் நானே அழைத்துப் புதிய அளவைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

தீபாவளியன்று எங்கள் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்பில் முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை எல்லாம் இருந்தன. அவற்றுக்கு நடுவில், ஐஸ்கட்டி போட்ட தட்டின் மேல் கோக்கோ உருண்டைக் கிண்ணம். அம்மாவின் வயதை ஒத்தவர்கள் வந்தபோது நான் வாய் திறக்குமுன் அம்மாவே முந்திக்கொண்டார்.

“இதுல சீனி போடலை. ஆனா தேங்காய் இருக்கு, கொழுப்பு இருக்கு. ரெண்டு எடுத்துக்குங்க, மூணாவது கிடையாது.”

ஒரு பாட்டி கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “கசக்குதேம்மா.”

“கோக்கோன்னா கசக்கத்தான் செய்யும்” என்றார் அம்மா. “நான் உடைச்ச காயாச்சே, எனக்குத் தெரியாதா?”

பாட்டி இரண்டாவதையும் எடுத்துக்கொண்டார்.