கல்லடிப் பாலத்தடியில்

மட்டக்களப்பின் பாடும் மீனை 1848-இல் எமர்சன் டெனன்ட் துரை தோணியேறிக் கேட்டு எழுதிவைத்தார். நாமும் ஒரு பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியேறினோம். நீருக்குள் இறக்கும் ஒலிவாங்கி, கைபேசி, ஒலிப்பதிவுக் கூடத்தார் அணியும் 300 ஓம் ஹெட்போன் சகிதமாக.

அந்தோ! அவ்வளவு மின்மறுப்புள்ள கருவிக்கு வேண்டிய மின்னழுத்தம் கைபேசியிடம் இல்லை. காதில் விழுந்தது ஈனசுரமே. தனிப் பெருக்கி ஒன்று வேண்டும். இன்றேல் 32 ஓம் ஹெட்போனே கைபேசிக்குத் தக்கது. விலையை மட்டும் பார்த்து வாங்கினால் இப்படித்தான்!

தோணிக்காரர் நகைத்தார். "துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு, மற்ற நுனியில காதை வையுங்க தம்பி."

நீரில் எழும் ஒலி காற்றில் ஏறுவது அரிது. மரமோ அதனை எலும்பு வழியே உட்செவிக்குச் சேர்க்கிறது. வீணைத் தந்தி அதிர்ந்தாற்போல மெல்லிய தொனியொன்று கேட்டது. மீனோ, ஊரியோ, அறியோம். துடுப்பைத் திருப்பிக் கொடுக்க நெடுநேரமாயிற்று.