கல்லில் விழுந்த வட்டம்

அத்தையின் தோசைக்கல்லைக் கெடுத்தது நான்தான். வீட்டு வேலைக்கு வரும் அக்கா கம்பி நார் போட்டுத் தேய்த்துவிட்டார் என்றே எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஏழு வருஷம் ஆகிறது.

1974-இல் அத்தைக்குச் சீராக வந்த வார்ப்பிரும்புக் கல் அது. தினமும் நல்லெண்ணெய் பட்டுக் காய்ந்து, கருகருவென்று பளபளக்கும். அந்தக் கருமை அழுக்கல்ல. சூட்டில் எண்ணெயே இறுகி இரும்போடு ஒட்டிப்போன மெல்லிய தோல். அது இருக்கிறவரை மாவு கல்லில் ஒட்டாது. அத்தை அதற்குச் சோப்பு காட்டியதே இல்லை. துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவிக் கவிழ்த்து வைப்பார்.

எனக்கோ எப்போதும் அவசரம். காலை எட்டு மணிக்குள் இரண்டு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். கல்லை வைத்ததும் அடுப்பை முழுசாகத் திருகிவிடுவேன். தெளித்த தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடினால் கல் காய்ந்துவிட்டது, மாவை ஊற்றலாம் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கே தப்பு. துளி உருண்டு ஓடுகிறதென்றால் அது கல்லையே தொடவில்லை. அடியில் எழும் நீராவி அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவர், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் நீர்த்துளி விட்டுப் பார்த்து, 1756-இலேயே இதை எழுதிவைத்திருக்கிறார். தோசைக்கல்லில் துளி அப்படி ஓடத் தொடங்குவது ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூட்டில். அந்தச் சூட்டில் மாவு விழுந்த கணமே அடிப்பக்கம் வெந்து இறுகிவிடும். கரண்டியைச் சுழற்றினால் மாவு பரவாது, கரண்டியோடு சுருண்டு வரும்.

சுருண்டு வந்தபோதெல்லாம் நான் மாவைத்தான் குறை சொன்னேன். “உளுந்து பத்தல அத்தை” என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். அவர் பதில் பேசவில்லை. மறுநாள் உளுந்தைக் கொஞ்சம் கூட்டி ஊறப்போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெறும் கல்லை முழுத் தீயில் வைத்துவிட்டு போன் பேசப் போனேன். அரைமணி நேரம் இருக்கும். திரும்பி வந்தால் அடுக்களை முழுக்கப் புகை. கல்லின் நடுவில் கருமை போய், சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். ஆறியபின் கழுவி, ஈரத்தோடு மூலையில் சாத்தி வைத்தேன். மறுநாள் காலை அந்த வட்டம் செம்மண்ணாகத் துருவேறிக் கிடந்தது.

“யாரு இதைக் கம்பி நார் போட்டுத் தேய்ச்சது?” என்று அத்தை கேட்டார்.

அக்கா தொட்டியருகே நின்றிருந்தார். “நான் தேய்க்கலம்மா.”

“பின்ன, தானா உரிஞ்சுதா?”

நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை. அன்றிலிருந்து அக்காவைச் சமையல் பாத்திரம் எதையும் அத்தை தொடவிடவில்லை. தட்டும் டம்ளரும் மட்டும்தான்.

கல்லை மறுபடி பழக்க அத்தைக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. துருவைத் துடைத்து, எண்ணெய் தடவி, சின்னத் தீயில் காயவைத்து, ஆறவிட்டு, மறுபடி தடவுவார். பாதி வெங்காயத்தைக் குத்தி எடுத்துத் தேய்ப்பார். பக்கத்தில் நின்று நான் கற்றுக்கொண்டேன். வார்ப்பிரும்பில் சூடு மெதுவாகத்தான் பரவும். முழுத் தீ வைத்தால் நடு கொதிக்கும், ஓரம் பச்சையாகக் கிடக்கும். நடுத்தரத் தீயில் பொறுமையாகக் காயவிட வேண்டும். தெளித்த தண்ணீர் ‘சுர்’ரென்று சத்தம் போட்டு உடனே வற்றினால் அதுதான் பதம். துளி ஓடினால் தீயைக் குறைத்து, தண்ணீர் தெளித்துத் துடைத்து, பிறகு ஊற்ற வேண்டும். மாவைப் பரப்பியபின்தான் தீயைக் கூட்டுவது. கண் கண்ணாகத் துளை விழும், ஓரம் தானே எழும்பும். அடுத்த தோசைக்கு மறுபடி தீயைத் தணித்துத் தண்ணீர் தெளிப்பது. ஓட்டல்களில் மாஸ்டர் பெரிய கல்லில் தண்ணீரை வீசி விளக்குமாற்றால் தள்ளுவதும் இப்படிச் சூட்டைத் தணிக்கத்தான். சுத்தம் செய்ய மட்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இத்தனையும் அத்தை சொல்லித் தந்தார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரிடம் இனிச் சொல்ல முடியாது.

போன மாதம் அக்காவிடம் சொன்னேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“தெரியும்மா. தேய்ச்சிருந்தா கல்லு பூராவும்ல வெளுத்திருக்கணும். அடுப்பு வட்டத்துக்கு மட்டும்தானே வெளுத்திருந்துச்சு.”

அன்றே அதைச் சொல்லியிருக்கலாமே அக்கா என்றேன்.

“நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”